வேகமான லேப்டாப்

காலையில் என் காரைக்குடிக் கடைக்கு லேப்டாப் வாங்க வந்த சாலா ஆச்சி, மதியமாகியும் முடிவெடுக்கவில்லை.

“இந்த பிராசசர் வேகந்தான். ஆனா சூடாகுமாமே?”

“அப்ப இன்னொரு கம்பெனியோடதை எடுங்க ஆச்சி. சூடாகாது, சார்ஜும் நிக்கும்.”

“விலை கூடயில்ல இருக்கு! புதுசு வந்தா இறங்குமா?”

“ரெண்டு கம்பெனிக்காரவுகளும் போட்டி போட்டுப் புதுசு விட்டுக்கிட்டேதான் இருப்பாக!” கத்தியேவிட்டேன். என் சாப்பாடு ஆறிக் கிடந்தது.

ஒருவழியாக, இருப்பதிலேயே வேகமானதைக் கேட்டார். ஓட்டிக் காட்டலாமென்று பெட்டியைப் பிரிக்கப் போனேன்.

“ஐயையோ, பிரிக்காதீக! சின்ன மக கல்யாணத்துல சீர் சாமானோட பரப்பி வைக்கிறதுக்கு. எல்லாரும் பாத்ததும் வெள்ளிப் பாத்திரத்தோட அறையில வச்சுப் பூட்டிருவோம்.”

“அப்புறம் வேகம் எதுக்கு ஆச்சி?”

“பெரியவளுக்கு வச்சதும் இன்னும் பெட்டியிலதான் இருக்கு தம்பி. ஆனா அது ஸ்லோன்னு அவ மாமியார் இன்னைக்கும் சொல்லிக் காட்டுறாகளே!”