இன்ஜினீயரம்மா கை வைத்த வீடு

"பேருதான் பெத்த பேரு, லிஃப்ட் மெக்கானிக்! சொந்த வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாத்த வக்கில்ல!"

காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள் அவள். அக்கம்பக்கத்தில் அவளுக்கு 'இன்ஜினீயரம்மா' என்று பெயர். மிக்ஸியோ இஸ்திரிப் பெட்டியோ, எது மக்கர் பண்ணினாலும் பிரித்து மேய்ந்துவிடுவாள். ஆனால் இந்த வாடகை வீட்டில் மட்டும் புருஷன் அவளைக் கை வைக்க விட்டதே இல்லை.

"ஒழுகினா வாளியை வை" என்றான் அவன்.

"சுவர் உதிருதே?"

"உதிரட்டும். நீ ஸ்பேனரைத் தொடாதே, அவ்வளவுதான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன வீட்டை எப்படி வெச்சிருந்தேன்! நானே பட்டி பூசி, பெயின்ட் அடிச்சு, அலமாரிக்குப் பலகை அறுத்து... வேலைக்குத் தூரம்னு ஒரே பிடிவாதமா அதை விட்டுட்டு, இந்தப் பாழடைஞ்ச வீட்டுக்கு இழுத்துட்டு வந்தீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். வேலை விஷயமாக ஒரு வாரம் வெளியூர்.

வண்டி தெருமுனை திரும்பியதுதான் தாமதம், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"அப்பா திட்டுவாரும்மா" என்றாள் மகள்.

"திட்டட்டும்டி. கடைசி வருஷப் பரீட்சை உனக்கு. படிக்கிற புத்தகத்து மேல சுண்ணாம்பு கொட்டுது. அவருக்கென்ன!"

குழாய்க்கு வாஷர் மாற்றினாள். சுவரைச் சுரண்டிப் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கை பெயின்ட் அடித்தாள். தொங்கிய கதவைத் தூக்கி நிறுத்திக் கீலை முடுக்கினாள். முதுகு விண்ணென்று வலித்தது. மனசு மட்டும் குளுகுளுவென்று இருந்தது.

ஊரிலிருந்து திரும்பியவன் வாசலிலேயே நின்றுவிட்டான். முகம் செத்துப்போயிற்று.

"ஏன்ம்மா இப்படிப் பண்ணினே?"

"நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை வருதா பாரு!" என்று நொடித்தாள்.

மறுநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த வீட்டுக்காரர், உள்ளேயும் எட்டிப் பார்த்தார். சுவரைத் தடவினார். கதவைத் திறந்து மூடினார்.

"அடேயப்பா! ஆள் வெச்சு செஞ்சீங்களா?"

"நானேதான் சார்!" என்றாள், புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"பிரமாதம்மா! இதை எவன் சீந்துவான்னு இத்தனை நாள் வாடகைக்கு விட்டு வெச்சிருந்தேன். பையன் வேற தனிக்குடித்தனம் போகணும்னு நிக்கிறான். கொஞ்சம் சீக்கிரமா காலி பண்ணிக் குடுத்துடுங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, பொண்ணுக்குப் பரீட்சை சார்!"

"அதனால என்னம்மா? உங்க கை பட்டா எந்த வீடும் அரண்மனைதான்" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"படுபாவி! இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா? நீங்களாவது ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"போன வீட்டுக்காரரும் இப்படித்தாம்மா சுவரைத் தடவிப் பார்த்தாரு. நீ ஆசை ஆசையா செஞ்சதாலதான் வீடு கைவிட்டுப் போச்சுன்னு உன்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரல. வேலைக்குத் தூரம்னு சொல்லிட்டேன்."