பதுக்கிய கடிதங்கள்

"அண்ணி! என்ன இது?"

விருந்தாளிகள் வருகிறார்களே என்று சுவரோரம் அடுக்கியிருந்த மெத்தைகளில் ஒன்றை இழுத்தாள் ஜில்திஸ். பொலபொலவென்று கவர்கள் உதிர்ந்தன. எல்லாவற்றிலும் இங்கிலாந்துத் தபால்தலை, அவள் பெயர், மோராவின் கோணல் எழுத்து.

விருந்துக்குப் போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்த புருல் அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

மோரா, ஜில்திஸ் சட்டப்படி பதிவு செய்துகொண்ட துணைவி. இங்கிலாந்துக்குப் பயிற்சி என்று பொய் சொல்லிப் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்து இரண்டு வருஷமாகிறது. மாதம் ஒரு கடிதம் எழுதுவதாக மோரா சொல்வாள். "எங்க ஊர்த் தபால் அப்படித்தான், தொலைஞ்சிருக்கும்" என்று இவள் சமாதானம் சொல்வாள். ஊரில் இருக்கும் அந்தக் கராகோல் தபால் ஆபீஸில் கடிதங்களைப் பிரித்து அடுக்குவதே அண்ணிதான் என்பது அப்போது தோன்றவே இல்லை!

"திருடினீங்களா?"

"எடுத்து வச்சேன்."

"அண்ணன்கிட்ட காட்டிக் கொடுக்கவா?"

"காட்டுறதா இருந்தா மெத்தைக்குள்ள ஏன்டி சொருகுறேன்? முதல் கவரைத்தான் தெரியாம பிரிச்சுட்டேன். உள்ளே போட்டோ. ரெண்டு பேரும் பூவோட நிக்கிறீங்க. நீ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

ஜில்திஸ் ஒரு கவரை எடுத்து முத்திரைத் தேதியைப் பார்த்தாள்.

"என்கிட்ட கொடுத்திருக்கலாமே அண்ணி. அவகிட்ட போக நாளைக்கு விசாவுக்கு மனு கொடுக்கணும். பதிவு பண்ணின பிறகும் தொடர்புல இருந்தீங்கன்னு என்ன ஆதாரம்னு கேக்குறாங்க. ஒண்ணும் இல்லாம ஒரு வாரமா செத்துக்கிட்டிருக்கேன்."

"விசா அதுக்கா? வேலைக்குப் போறேன்னுதானே சொன்னே?"

"வேற எப்படிச் சொல்றது?"

"அதானே. கடிதத்தைக் கொடுத்திருந்தா பயந்துபோய் அடுப்புல போட்டிருப்பே. உங்கண்ணன் பார்த்துடுவார்னு போன்ல வர்றதை எல்லாம் அன்னன்னைக்கே அழிக்கிறவதானே நீ?" புருலின் குரல் இறங்கியது. "இருந்தாலும் உன்கிட்ட சொல்லியிருக்கணும். தப்புத்தான்."

ஜில்திஸ் அழுதுவிட்டாள். கையில் இருந்த ஆதாரத்தை எல்லாம் அவளே அழித்திருக்கிறாள். அண்ணி காப்பாற்றியது இதோ கிடக்கிறது, முத்திரையும் தேதியுமாக, ஒரு மாதம்கூட விடாமல்.

"வீட்டாள் ஒருத்தர் சாட்சியும் எழுதிக் கொடுக்கணும் அண்ணி. ஆனா உங்களைக் கேக்க மாட்டேன். அண்ணனுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்."

"அவரை நான் பார்த்துக்குறேன். பதினாறு வருஷமா அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன். நீ எழுது, நான் கையெழுத்துப் போடுறேன்."

ஜில்திஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாட்சிப் படிவத்தை எழுத உட்கார்ந்தாள். 'சாட்சி சொல்பவர் துணைவிக்கு என்ன உறவு?' என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, 'தெரிந்தவர்' என்று போட்டாள்.

எண்ணெய்க் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தபடி எட்டிப் பார்த்த அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"தெரிஞ்சவளாமே! இந்த வீட்டுக்கு நானும் வாக்கப்பட்டு வந்தவ, அவளும் வாக்கப்பட்டவ. அதை அடிச்சுட்டு, ஓரகத்தின்னு எழுதுடி!"