தள்ளிப்போன திகதி

"இந்த அட்டைக்குப் போன மாசம் ரெண்டு புள்ளி போட்டனீர். இப்ப அஞ்சு எண்டுறீர். அட்டை வளர்ந்திட்டுதோ, நீர் தேய்ஞ்சிட்டீரோ?"

சுவரில் ஒட்டியிருந்த காகித அட்டைகளுக்கு முன்னால் நின்று குகதாசன் கேட்டார். அவருடைய சட்டைப் பையிலிருந்து மனைவியும் மகளும் இருக்கும் படம் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. சாரங்கா தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுத் தொடக்கம். கிளிநொச்சியில் அந்தச் சின்ன அறையில் இருந்தது இரண்டு பேர், இரண்டு கணினி, முக்கி முனகி ஓடும் ஒரு ஜெனறேற்றர். வவுனியாவிலுள்ள ஓர் உதவி நிறுவனத்துக்காக மருந்துக் கையிருப்பைப் பார்க்கும் மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள்.

வேலை முறை, சமாதான காலத்தில் கனடாவிலிருந்து வந்த ஒருவர் பழக்கிவிட்டுப் போனது. ஒவ்வொரு வேலைக்கும் சுவரில் ஓர் அட்டை, அதன் பாரத்துக்கு ஏற்ற புள்ளி. மிச்சமிருக்கும் புள்ளியைக் கிழமைக்கு முடிகிற புள்ளியால் வகுத்தால் வெளியீட்டுத் திகதி வந்துவிடும்.

வந்தது, ஆனால் நிற்கவில்லை. தையில் முடியும் என்றது மாசிக்குப் போனது, மாசி பங்குனிக்குப் போனது. கனடாக்காரரின் கணக்கில் பிழையில்லை. சாரங்காதான் புள்ளியை ஊதிப் பெருப்பித்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. வேலை முடிந்தால் சீடியைக் கொண்டுபோய் வவுனியாவில் ஏற்றிக்கொடுக்க ஒருவர் போகவேண்டும். வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும், பாஸுக்கு இங்கே ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர் கதி அதோகதிதான்.

குகதாசனின் மனைவி நேசமலரும் மகளும் வவுனியாவில் இருந்தார்கள். வைத்தியத்துக்கென்று போனவர்கள், பாதை இறுகியதும் அங்கேயே நின்றுவிட்டார்கள். அந்த மனிதர் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் திரும்பிப் பார்ப்பாரா?

யார் போவது என்று அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. போகிற கதையை ஒருவரும் வாய்விட்டுப் பேசாத காலம் அது. ஆனால் அவளுடைய அடையாள அட்டைப் பிரதியை அவர் எப்போதோ வாங்கி வைத்துவிட்டார். அது தன்னைப் பிணை வைக்கத்தான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

சாரங்காவுக்கு இருபத்திரண்டு வயது. வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் சண்டைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த நாட்களில் அது பயப்படவேண்டிய வயது. தாய் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். வேலைக்கென்று வந்த மகள், யாழ்ப்பாணப் பாதை பூட்டியதும் இங்கே மாட்டிக்கொண்டாள்.

முந்தின கிழமை அவர் வெறுமையான பழைய கணினியொன்றைத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்திருந்தார்.

"சீடியைப் போட்டு முழுக்க ஏத்திப் பாரும். நான் பக்கத்தில இல்லை எண்டு நினைச்சுச் செய்யும்."

"ஏன் அண்ணை?"

"நாளைக்கு ஒரு பிழை வந்தா ஆரைக் கேப்பீர்?"

அவர் போன பிறகு தனியாகச் சமாளிக்கத் தன்னைப் பழக்குகிறார் என்று அவள் நினைத்தாள். அன்றைக்கே இன்னும் சில அட்டைகளுக்குப் புள்ளியைக் கூட்டினாள். அதுதான் இப்போது பிடிபட்டுவிட்டது.

"உண்மையைச் சொல்லும் பிள்ளை. ஏன் இழுக்கிறீர்?"

அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. "வேலை முடிஞ்சா நீங்கள் போயிடுவியள். போனா வரமாட்டியள். வாறதுக்கு இஞ்ச என்ன இருக்கு? பிறகு என்னைத்தானே வந்து கேப்பினம்."

குகதாசன் கதிரையை இழுத்து இருந்தார். கத்துவார் என்று நினைத்தாள், அவர் கத்தவில்லை.

"அடுத்த மாசத்தோட வேலைப் பாஸையும் நிப்பாட்டப் போகினமாம். அதுதான் நான் நெருப்பில நிண்டனான்" என்றார். "ஊதினதை விட்டுட்டுச் சொல்லும். எத்தினை நாள் வேலை கிடக்கு?"

"மூண்டு நாள்" என்றாள்.

"மூண்டு நாளோ? அதை வைச்சோ இவ்வளவு காலமும் என்னைச் சாகடிச்சனீர்?"

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத முகத்தோடு எழும்பி, ஊதின புள்ளிகளை வெட்டினார். கீழே 'வியாழன்' என்று எழுதினார்.

அவர்மேல் அவளுக்கு ஆத்திரம் வரவில்லை. மகளைப் பார்க்கத் துடிக்கிற தகப்பனை எவ்வளவு காலம்தான் மறித்து வைத்திருப்பது? தன்னை நினைத்துத்தான் அழுகை வந்தது. அழுதுகொண்டே, ஆனால் ஒளிவுமறைவில்லாமல், வேலையை முடித்தாள்.

புதன்கிழமை பின்னேரம் கடைசி அட்டையும் சுவரை விட்டு இறங்கியது. சாரங்கா சீடியை உறையில் போட்டு அவரிடம் நீட்டினாள். நடக்கிறது நடக்கட்டும் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டாள்.

"பிணைக்கு நான் எங்க அண்ணை கையெழுத்து வைக்கவேணும்?"

அவர் சீடியை வாங்கவில்லை.

"உமக்கு நான் வைச்சிட்டன் பிள்ளை. நாளைக்குப் போனா நீர் திரும்பி வராதையும்."