வேன் வரும் நேரம்

பள்ளி திறக்கும் முதல் நாள். குமாசி நகரில் இருபது வருடமாகத் தனியார் பள்ளி நடத்தும் மேடம் அக்யா, புதிய தலைமையாசிரியை எஃபுவாவுடன் வாசலில் நின்று வேனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த டீச்சரையும் ஒரே வகுப்புல ரொம்ப நாள் விடாதே. பிள்ளைங்க ஒட்டிக்கிட்டா, தனியா பள்ளிக்கூடம் ஆரம்பிச்சு மொத்தமாக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நானே அப்படித்தானே ஆரம்பிச்சேன்!"

"பெத்தவங்க டீச்சரைப் பார்க்கணும்னா, மேடம்?"

"பார்க்கவே விடாதே. எதுன்னாலும் டிரைவர் அகெமாங்கிட்ட சொல்லட்டும். தினம் வீட்டு வாசலுக்கே போறவர். பிள்ளைங்களுக்கு அவர்னா உசிரு. வேனும் அவரோடதே, நமக்குச் செலவு மிச்சம்."

"சந்தை ரோட்டுல புதுசா ஒரு பள்ளிக்கூடம் வருதாமே?"

"விசாரிச்சேன். நம்ம டீச்சர் ஒருத்தர்கூட அங்க போகலை. அப்புறம் என்ன பயம்?"

மணி அடித்தது. மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. வகுப்பு வாசல்களில் நின்ற டீச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருவழியாக ஹாரன் கேட்டது. வேன் நிரம்பி வழிய வந்தது. மேடமே ஓடிப்போய் கேட்டை அகலத் திறந்தார்.

வேன் நிற்கவில்லை. அகெமாங் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, சந்தை ரோட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

ஜன்னல்களில் பிள்ளைகள் சந்தோஷமாகக் கையசைத்தார்கள். ஒரு பிள்ளைகூட மேடம் பள்ளியின் நீலச் சீருடையில் இல்லை.