சாம்பிராணிக் கனல்

சைகோன் மழைக்குச் சன்னல்களையெல்லாம் சாத்திய கூடத்தில் பூண்டு அழுகியதுபோல் ஒரு நாற்றம் நிற்கிறது. துறைமுக ஆபீசிலிருந்து திரும்பிய இக்னாஸ், குடையை மடக்காமல் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறார். மேசைமேல் நேற்றுக் கப்பலில் வந்த கார்பைடு விளக்கு. அதன் பித்தளைத் தகட்டில் காப்புரிமை எண்ணும், அடியில் பொடி எழுத்தில் 'அரசு உத்தரவாதம் இல்லை' என்று பிரெஞ்சில் ஒரு வரியும். காலையில் அதைப் படித்துச் சிரித்தவர், கார்பைடு டப்பாவை மூட மறந்து கிளம்பிவிட்டார். தண்ணீர் பட்டால் அந்தக் கல் தீப்பிடிக்கும் வாயுவைக் கக்கும் என்று மனைவியிடம் சொல்லவும் மறந்தார். இப்போது டப்பாவுக்குள் கற்கள் வெள்ளையாய் நுரைத்துச் சீறுகின்றன. பக்கத்தில் மாதாகோயில் தீர்த்தக் குப்பி காலியாகக் கிடக்கிறது. புதுச்சேரியில் அவர்கள் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் தீர்த்தம் தெளித்த பிறகுதான் தொடுவார்கள்.

அடுப்படியிலிருந்து மார்கரித் வருகிறாள். கையில் தூபக்கால், அதில் செக்கச்செவேலென்று கனல்.

"தீர்த்தம் பட்டதும் எப்படிச் சீறுது பாருங்க! உள்ள ஏதோ கெட்டது இருக்கு. சாம்பிராணி போட்டா ஓடிடும்."

"மார்கரித்... வேணாம்... வெளிய..." அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் இன்னும் நெருங்கிவிடுகிறாள். அவளுக்கும் மேசைக்கும் நடுவே நாலடிதான் இருக்கிறது. அவர் குடையைக் கேடயம்போல் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்கிறார். அதைப் பார்த்ததும் அவள் முகம் இளகுகிறது.

"பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று சொல்லி, கனலை ஒருமுறை நன்றாக ஊதிவிட்டு, மேசையை நோக்கி அடியெடுத்து வைக்கிறாள்.