மொங்கோலியாப் பதக்கமும் பழப்புளியும்

நூறு வருடத்து அழுக்கு. பழப்புளியைக் கரைத்து இரண்டு தரம் தேய்த்ததும் போயே போய்விட்டது. ரஞ்சினி குழாயைப் பூட்டிவிட்டுப் பதக்கத்தைச் சமையலறை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். குத்துவிளக்குத் தோற்றுவிடும்போல் மினுங்கியது.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூளை வேலை செய்தது.

“ஐயோ கடவுளே!”

வெள்ளிக்கிழமையென்றால் சாமித்தட்டில் இருக்கும் விளக்கு, செம்பு, தட்டம் எல்லாம் மினுக்குவதற்காகத் தொட்டிக்குள் இறங்கிவிடும். ஜேர்மனிக்கு, இந்த வுப்பர்டால் நகரத்துக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கை பழகிய வேலை. இன்றைக்கு அந்தக் கூட்டத்தோடு பதக்கமும் இறங்கிவிட்டது. காலையில் அவளுடைய கணவர் உருத்திரமூர்த்திதான் அதைக் கும்பிட்டு அம்மன் படத்தடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

சும்மா பதக்கமா அது! கம்யூனிஸ்டுகள் வருவதற்கு முன்னே, மொங்கோலியாவை லாமா அரசர் ஆண்ட காலத்து வச்சிரப் பதக்கம். ஊன்ட்றொப் கோயில் தேருக்கு வடம் பிடித்துக்கொண்டிருந்தவர்களைக்கூட விடாமல், அதன் பெருமையைச் சொல்லி அறுத்தவர் உருத்திரமூர்த்தி.

இன்று பின்னேரம் கொலோனிலிருந்து பதக்கச் சேகரிப்பாளர் சங்கத் தலைவர் பிறிங்மன் அதைப் பார்க்க வருகிறார். அவர் தலையாட்டினால் கண்காட்சியில் இடம். கையை விரித்தாரென்றால் உருத்திரமூர்த்தி சனத்துக்குள் தலைகாட்ட முடியாது.

“அதிலை இருக்கிறது ஊத்தை இல்லை ரஞ்சினி, அதுதான் அதின்ரை வயசு. துடைச்சால் செத்துது,” என்று மனுசன் அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கறிவேப்பிலை கேட்டு மேல்வீட்டுப் புஸ்பவதி அக்கா வந்தபோது, ரஞ்சினி தொட்டியடியில் நின்று விம்மிக்கொண்டிருந்தாள்.

“ஏன் பிள்ளை அழுறாய்?”

“நூறு வருசத்து ஊத்தையைக் கழுவிப்போட்டன் அக்கா!”

“ஊத்தை போனதுக்கு அழுற பொம்பிளையை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

விசயம் விளங்கியதும் அக்கா பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ரை விளக்கிலை ஒரு மாசத்துக் கறை, அதுக்கே கை முறியத் தேய்க்கிறன். இது ரெண்டு தேய்ப்பிலை போயிட்டுதோ? நல்ல புளிதான். எந்தக் கடையிலை வாங்கினனி?”

“புளியை விடுங்கோ அக்கா! அந்தாள் வரப்போகுது. இவருக்கு நான் என்ன சொல்லுவன்?”

“ஒண்டும் சொல்லாதை. திரும்ப ஊத்தையாக்குவம். எங்களுக்குத் தெரியாத ஊத்தையே!”

பதக்கத்தைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தார்கள். கற்பூரம் கொளுத்தி, அந்தக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். பாழாய்ப்போன பளபளப்பு அடங்கினால்தானே! கடைசியில் அக்கா, அடிப்பிடித்துக் கிடந்த கத்தரிக்காய்க் குழம்புச் சட்டியைச் சுரண்டி இடுக்கு இடுக்காக அப்பினார்.

“மொங்கோலியாவிலை கத்தரிக்காய் இருக்கோ அக்கா?”

“அந்தாள் என்ன, மணந்தே பாக்கப்போகுது?”

பிறிங்மன் வந்து உட்கார்ந்ததும் முதலில் மூக்கடியில் பிடித்து மணந்துதான் பார்த்தார்.

ரஞ்சினி வடைத் தட்டை அவசரமாக அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்துக் கதிரையில் உருத்திரமூர்த்தி. நாளுக்குப் பத்துத் தரம் பதக்கத்தை எடுத்துத் தடவிப் பார்க்கிற மனுசன், இப்போது அந்தப் பக்கமே திரும்பாமல் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், எவ்வளவு ஆசையோடு இருக்கிறார் என்று நினைக்க அவளுக்கு அழுகை முட்டியது.

பிறிங்மன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். விரலால் சுரண்டினார். மறுபடியும் மூக்கடியில் கொண்டுபோனார்.

“தேயிலை,” என்றார் ஜேர்மன் மொழியில். “பிறகு விளக்குப் புகை. அதோடு ஏதோ சமையல்…”

அம்மாளாச்சி, இந்த ஒருக்கால் மட்டும் காப்பாத்து, இனிமேல் இவரின்ரை சாமான் ஒண்டையும் தொடமாட்டன் என்று ரஞ்சினி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“எத்தனை கூடாரங்களுக்குள்ளே, எத்தனை அடுப்புகளுக்குப் பக்கத்திலே இது தொங்கியிருக்கும்!” பிறிங்மனுக்குக் குரல் தழுதழுத்தது. “இந்தப் பழமையை ஒருவராலும் உண்டாக்க முடியாது. திரு உருத்திரமூர்த்தி, கண்காட்சியில் நடு மேசை உங்களுக்குத்தான்!”

அவர் எழுந்து நின்று உருத்திரமூர்த்தியைக் கட்டிப்பிடித்தார். ரஞ்சினி கொடுத்த வடையில் இரண்டைச் சாப்பிட்டார், ஒன்றைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டார், புறப்பட்டுப் போனார்.

கதவைச் சாத்திய உருத்திரமூர்த்தி அப்படியே அதில் சாய்ந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்க்கப் பார்க்க ரஞ்சினிக்கு நெஞ்சு குறுகுறுத்தது. கட்டின புருசனையும் வந்த மனுசனையும் ஒரே நாளில் ஏமாற்றிவிட்டாளே! இதை மறைத்துக்கொண்டு அவளால் இன்றைக்குச் சோறு தின்ன ஏலாது.

“இஞ்சேருங்கோ, கோவிக்காதேங்கோ. நான் உங்களுக்கு ஒரு உண்மை சொல்லவேணும்.”

“பொறும், பொறும். முதலிலை நான் சொல்லுறன்.” அவர் ஓடிப்போய் யன்னலைப் பூட்டிவிட்டு வந்து, அவள் காதடியில் குனிந்தார்.

“நான் ஏமாந்து வாங்கினது புதுப் பதக்கம் ரஞ்சினி, அந்தாள் மணந்து பாத்தது நான் பூசின சப்பாத்துப் பொலிஷை!”