பார்த்தது, கேட்டது

பள்ளியின் பாதுகாப்புக் குறிப்பேட்டை இரண்டாவது முறையாகப் படித்தார் குழந்தை நல அதிகாரி.

'காலை 7.40. பஸ்ஸில் ஏறும்போது பாப்பாவால் இடது கையைத் தூக்க முடியவில்லை. ஏன் என்று கேட்டேன். "அப்பா" என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள்.'

நான்கு நாட்களில் நான்கு குறிப்புகள். ஒன்றில்கூட ஊகம் இல்லை. பார்த்ததும் கேட்டதும் மட்டுமே.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்ததில்ல மேடம். இதை வெச்சுத்தான் பிள்ளையை நேத்தே பத்திரமான இடத்துக்கு மாத்தினோம். எந்த டீச்சர் எழுதினாங்க?"

"டீச்சர் இல்ல. எங்க பஸ் ஆயா," என்ற தலைமையாசிரியை, கதவோரம் நின்ற பெண்ணை உள்ளே அழைத்தார்.

"கோர்ட்டுல பிள்ளையோட அப்பாவுக்கு எதிரா சாட்சி சொல்லணும்மா. பயமில்லையே?" என்று கேட்டார் அதிகாரி.

"சொல்றேங்க."

"வீடு தேடி வந்து மிரட்டினா?"

"நேத்தே வந்து கத்திட்டுப் போயிட்டான்."

"உங்க வீடு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அவன் பொறந்து வளர்ந்த வீடுதாங்க அது. என் கூடப் பொறந்த தம்பி."

அதிகாரியின் பேனா அப்படியே நின்றது.

"நீங்களே கண்டிச்சிருக்கலாமேம்மா?"

"கண்டிச்சேன். கால்ல விழுந்து அழுதான். மறுநாளே அடிச்சான். வீட்டுல பேசினா வீட்டோட போயிடுதுங்க. இங்க எழுதினா யாராவது படிச்சே ஆகணும்ல?"

அதிகாரி தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

"பிள்ளை நேத்துலேருந்து 'அத்தை, அத்தை'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. யாருன்னு எங்களுக்குத் தெரியல. வாங்கம்மா, போகலாம்."